கடலோரத்தில் இருக்கிறோம், தினமும் மீன் சாப்பிடுகிறோம்: நமக்கும் அயோடின் குறையுமா?

ராயபுரம்_மீனா

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

என் தம்பி மனைவிக்கு நாலாம் மாதம். செக்கப்புக்குக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன உப்பு?" என்று நர்ஸம்மா கேட்டார். "கல் உப்பு" என்றாள். "பாக்கெட்டா, மூட்டையா?" என்று அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் மூட்டை உப்புதான். அம்மா அதை வாங்கி வந்து, மண் போக ஒரு தடவை அலசி, வெயிலில் உலர்த்தி, பீங்கான் ஜாடியில் கொட்டி வைப்பார். "அயோடின் உப்புக்கு மாத்திடுங்க, பிள்ளைத்தாச்சிக்கு ரொம்ப முக்கியம்" என்று சொல்லி அனுப்பினார் நர்ஸம்மா.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மலையில இருக்கிறவங்களுக்குத்தான் கழுத்து வீங்கும். நாம கடலை நம்பிப் பொழைக்கிறவங்க. வாரத்துல பாதி நாள் மீன். உப்பே கடல்லேர்ந்துதானே வருது, அதுல இல்லாத அயோடினா?" என்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அதனால் பொறுமையாக விளக்கினால் நல்லது.

காசிமேடு_பாலு

அம்மா சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது அக்கா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருவாடு போடுகிறோம். கருவாட்டுக்கு இறங்கும் உப்பில்தான் வீட்டுச் சமையலும். எங்கள் ஆயா கடைசி வரைக்கும் கூடை தூக்கினவர்.

ஆனால் ஒன்று. எங்கள் தெருவிலேயே முன்கழுத்து வீங்கிய அம்மா ஒருவர் இருக்கிறார். முதலில் கட்டி என்று பயந்தார்கள், அப்புறம் தைராய்டு என்றார்கள். இன்னும் இரண்டு மூன்று பெண்கள் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள். இதெல்லாம் உப்பால் வருகிறதா, வேறு எதனாலாவதா? எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

முன்னாள்_செவிலி

மீனா, நான் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உன் அம்மா கேட்கிற இதே கேள்வியை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த நர்ஸம்மா உப்பைப் பற்றிக் கேட்டதற்காகவே அவருக்கு என் வணக்கம். நிறைய இடங்களில் கேட்பதே இல்லை.

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கிற ஹார்மோனுக்கு மூலப்பொருளே அயோடின்தான். தைராக்சின் என்கிற முக்கிய ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நாலு அயோடின் அணுக்கள். அயோடின் போதாவிட்டால் ஹார்மோன் குறையும். உடனே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அதிகமாக அனுப்பி, "இன்னும் வேலை செய்" என்று தைராய்டை விரட்டும். விரட்ட விரட்ட அது பெருக்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்போம். பிள்ளையை எச்சில் விழுங்கச் சொன்னால் சுரப்பி மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். ஒரு பக்கத்து மடல், அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக் கணுவைவிடப் பெரிதாக இருந்தால் கழலை என்று எழுத வேண்டும். தொட்டால்தான் தெரிகிறது என்றால் முதல் நிலை, நேராக நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாம் நிலை. முதல் நிலையில் பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது. வலி இருக்காது, பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும்.

கழலை மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பெரியவர்களுக்கு அயோடின் ரொம்பக் குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் உப்பல், மாதவிடாயில் அதிகப் போக்கு என்று வரும். மருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை அப்படியில்லை. முதல் மூன்று மாதம் முழுக்கத் தாயின் தைராக்சினை நம்பித்தான் அந்த மூளை வளர்கிறது. பிள்ளையின் சொந்தச் சுரப்பி நாலாம், ஐந்தாம் மாதத்தில்தான் ஓரளவு வேலையைக் கையில் எடுக்கும், அதற்கும் அயோடினைத் தாய்தான் கொடுக்க வேண்டும். கடுமையான குறைபாட்டில் கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறப்பது, பிறந்த குழந்தைக்குக் காது கேளாமை, பேச்சு வராமை, கை கால் விறைப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு என்று போகும். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அப்புறம் எத்தனை அயோடின் கொடுத்தாலும் போனது திரும்பாது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு உலகத்திலேயே முதல் காரணம் அயோடின் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

லேசான குறைபாடுதான் எனக்கு அதிகக் கவலை. பிள்ளை பார்க்க நன்றாக இருக்கும், பேசும், ஓடும். பள்ளியில் மட்டும் மந்தமாக இருக்கும். "மண்டையில் ஏறமாட்டேங்குது" என்று அடி வாங்கும். கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்ட உப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

தேவைப்படும் அளவு மிகச் சின்னது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய அயோடின் ஒரு டீஸ்பூன்கூட வராது. ஆனால் அது தினமும் வேண்டும். அதனால்தான் ஏழை, பணக்காரர் எல்லாரும் தினமும் தொடுகிற உப்பில் கலந்தார்கள்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். கடல் மீனில் அயோடின் இருக்கிறது, உன் அம்மா சொல்வது நிஜம். ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். கெண்டை, ஜிலேபி மாதிரி ஏரி மீனில் கொஞ்சம்தான். அதோடு, பிள்ளைத்தாச்சிக்கு மசக்கையில் மீன் வாசனையே ஆகாது. மூளைக்கு மிகவும் வேண்டிய அந்த மூன்று மாதத்தில்தான் அவள் மீனைத் தொடாமல் ரசம் சாதத்தில் ஓட்டுகிறாள். அந்த ரசத்தில் என்ன உப்பு என்பதுதான் கேள்வி.

வியாசர்பாடி_வாத்தியார்

செவிலி அம்மா அருமையாகச் சொல்லிவிட்டார். "கடலில் இருந்துதானே உப்பு வருகிறது" என்ற பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். வேதியியல் ஆசிரியன், கரும்பலகைக் கணக்கு மாதிரி சொன்னால்தான் எனக்கு வரும்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் அயோடின் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரைக் காய்ச்சினால் சுமார் 30 கிராம் உப்பு கிடைக்கும். அந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 60-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு கிராம் உப்புக்கு 2 மைக்ரோகிராம், அதாவது 2 பி.பி.எம். சட்டப்படி நம் கைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும். எல்லாம் தங்கினாலும் ஏழில் ஒரு பங்குதான்.

நடைமுறையில் அந்த 2 பி.பி.எம்.கூட வராது. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது சோடியம் குளோரைடு முதலில் படிகமாகிக் கீழே இறங்குகிறது. மற்ற உப்புகள், அயோடைடு உட்பட, மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்பை வாரிக் குவித்தபின் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் ஓடிய காலத்தில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடல் உப்பு எவ்வளவு வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அயோடின் அதைவிட்டுப் போயிருக்கிறது.

நம் ஊரில் உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். சில நாடுகளில் பொட்டாசியம் அயோடைடு கலக்கிறார்கள். அது ஈரத்திலும் வெயிலிலும் சீக்கிரம் ஆவியாகிப் போகும், சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்குச் சரிவராது. அயோடேட் தாக்குப்பிடிக்கும்.

மீனா, அம்மா உப்பை அலசுவதாக எழுதியிருந்தீர்கள். பாக்கெட் கல் உப்புக்கு மாறினால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கல் உப்பில் அயோடேட் கரைசலைத் தெளித்துத்தான் கலக்கிறார்கள், அது படிகத்தின் மேல்பூச்சாகவே இருக்கும். ஒரு தடவை அலசினாலே பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய அயோடின் சாக்கடைக்குப் போகும்.

எம்சிரோடு_மளிகை

பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடை பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கடை வாசலில் இரவெல்லாம் கிடந்தாலும் யாரும் தொடாத சரக்கு உப்பு மூட்டை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இப்போது நான் சில்லறைக்கு மூட்டை உப்பு வைப்பதில்லை. சாப்பாட்டுக்கு என்று விற்கிற உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும், இல்லாததை அதற்காகக் கடையில் வைத்திருப்பதே குற்றம். ஆனால் கருவாடு போட, தோல் பதப்படுத்த, ஐஸ் கம்பெனிக்கு, மாட்டுக்கு என்று விற்கிற சாதா உப்புக்குத் தடை இல்லை. வடசென்னையில் இந்த எல்லாத் தொழிலும் இருக்கிறது. அதனால் சாதா உப்பு மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது. இறங்கும் உப்பில் கொஞ்சம் தள்ளுவண்டிக்குப் போகிறது, வண்டியிலிருந்து வீட்டு ஜாடிக்குப் போகிறது. கேட்டால் "நல்ல கடல் உப்பு, கலப்படம் இல்லாதது" என்பார்கள். விற்பவரும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை, அவர் வீட்டிலும் அதே உப்புதான்.

வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "கல் உப்பு என்றால் அயோடின் இல்லாதது, தூள் உப்பு என்றால் அயோடின்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அயோடின் கலந்த கல் உப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது, மீன் குழம்பு ருசிக்கு ஒரு குறையும் வராது. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பும் இருக்கிறது. பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று எழுதியிருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். அது போதும்.

கொடுங்கையூர்_ரேவதி

இந்த இழையைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம் அதிகமாகிவிட்டது. நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், ஹைப்போ, அதாவது சுரப்பி குறைவாக வேலை செய்வது. உறவுக்காரர் ஒருவர், "அயோடின் உப்பால்தான் எல்லாருக்கும் தைராய்டு வருது, நிறுத்து" என்று சொல்லி இந்துப்பு வாங்கிக் கொடுத்தார். இப்போது வீட்டில் எல்லாருக்கும் இந்துப்புதான், என் பெண்ணுக்கும். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார்கள். எது சரி?

திருவொற்றியூர்_மருத்துவர்

ரேவதி அம்மா, உங்களைப் போல் கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அயோடின் குறைந்தால் தைராய்டு கெடும், சரி. ஆனால் எல்லாத் தைராய்டு கோளாறும் அயோடின் குறைவால் வருவதில்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் ஹைப்போதைராய்டுக்கு முதன்மைக் காரணம், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்குவது. ஹாஷிமோட்டோ என்று சொல்வோம். பெண்களுக்கு அதிகம் வரும், குடும்பத்தில் ஓடும். பாலு கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்: அந்தத் தெருவில் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எதனால் வந்தது என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

அயோடின் மிக அதிகமானாலும் சிலருக்குத் தைராய்டு பாதிக்கும் என்பது உண்மை. உங்கள் உறவினர் எங்கேயோ அதைக் கேட்டிருப்பார். பல ஆண்டுகளாகக் கழலையோடு இருக்கும் வயதானவர்களுக்குத் திடீரென்று நிறைய அயோடின் கிடைத்தால் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யலாம். ஆனால் அதெல்லாம் கடற்பாசி மாத்திரை, ஸ்கேனுக்குப் போடும் சாய மருந்து மாதிரி பெரிய அளவுகளில் அதிகம் பார்ப்பது. சமையல் உப்பில் கிடைப்பது ஒரு நாளைக்குத் தேவையான அளவையொட்டித்தான். நீங்கள் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடும் அயோடின் உப்பையே நீங்களும் சாப்பிடலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை தருவதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடினைக் குறைக்கச் சொல்வோம். அதை மருத்துவரே சொல்வார், எழுதிக் கொடுப்பார். அந்த அறிவுரைதான் வாய்வழியாகப் பரவி எல்லாத் தைராய்டுக்காரர்களுக்கும் என்று ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்துப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவில் இல்லை. உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறீர்கள் என்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அவளுக்கு உப்பை மாற்றுங்கள். கர்ப்பம் என்று தெரிவதற்கே ஐந்தாறு வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே தாயின் சுரப்பியில் அயோடின் கையிருப்பு இருந்தால்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு. ஹாஷிமோட்டோ குடும்பத்தில் ஓடும் என்பதால், கர்ப்பம் தெரிந்ததும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோஸ், காலிஃபிளவர், மரவள்ளி இவற்றில் தைராய்டு வேலையைத் தடுக்கும் பொருள்கள் கொஞ்சம் இருக்கின்றன. சமைக்கும்போது பெரும்பாலும் குறைந்துவிடும். அயோடின் ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் வீட்டில், அதுவே தினசரிச் சாப்பாடாக இருந்தால்தான் தொல்லை. வாரத்தில் ஓரிரு நாள் கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடுங்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம் மாத்திரை நேரம்: வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேர இடைவெளி. இதைச் சரியாகச் செய்யாமல்தான் பலருக்கு மாத்திரை அளவு ஏறிக்கொண்டே போகிறது.

எண்ணூர்_தோழர்

மருத்துவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வேறு பக்கமும் பேச வேண்டும். சின்ன உப்பளக்காரர்கள் அயோடின் கலக்கும் இயந்திரத்துக்கு எங்கே போவார்கள்? அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை வந்ததால் லாபம் பார்த்தது பெரிய பாக்கெட் கம்பெனிகள். உச்ச நீதிமன்றமே அந்தத் தடையைச் செல்லாது என்று சொன்னது. உப்புக்காக 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்த மண் இது. எந்த உப்பைச் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டுமா?

முன்னாள்_செவிலி

தம்பி, உப்பளத் தொழிலாளிக்காக நீங்கள் பேசுவதை நான் மதிக்கிறேன். கால் வெடித்து, கண் கூசி அவர்கள் படும் பாட்டுக்கு ஈடு இல்லை. சின்ன உற்பத்தியாளர்களுக்குக் கூட்டுறவாக இயந்திரமும், அயோடேட்டுக்கு மானியமும் கொடுக்க வேண்டும் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அயோடின் வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

நீதிமன்ற விஷயத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். 1998-இல் நாடு முழுக்கத் தடை வந்தது, 2000-இல் எடுத்தார்கள், 2006 மே மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது உண்மை. உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் அந்த விதி வராது என்பதுதான் அடிப்படை. அயோடின் உப்பு கெடுதல் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மக்கள் நலன் கருதி அந்தத் தடையே இன்னும் ஆறு மாதம் தொடரட்டும் என்று அதே தீர்ப்பில் சொன்னார்கள். அதற்குள் 2011 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்று அமலில் இருப்பது அதுதான்.

சட்டம் வேண்டுமா என்று கேட்டீர்கள். 1956-இல் இமாசலப் பிரதேசத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் கிடைத்த இடங்களில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை மளமளவென்று குறைந்தது. சாதா உப்பு சாப்பிட்ட பகுதியில் அப்படியே நின்றது. அதன் பலனாகத்தான் 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. பாதிப்பு கழுத்தோடு நிற்பதில்லை என்று தெரிந்தபின், 1992-இல் அதன் பெயரை அயோடின் குறைபாட்டு நோய்கள் தடுப்புத் திட்டம் என்று மாற்றினார்கள்.

அப்புறம், மலையில் இருப்பவர்களுக்குத்தான் வரும் என்கிற நம்பிக்கை. நாடு முழுக்க 414 மாவட்டங்களில் கணக்கெடுத்ததில் 337 மாவட்டங்களில் இந்தக் குறைபாடு பரவலாக இருந்தது. எந்த மாநிலமும் தப்பவில்லை. பயிரும் தண்ணீரும் மண்ணில் இருக்கும் அயோடினைத்தான் கொண்டுவர முடியும், மழையும் வெள்ளமும் அரித்த மண்ணில் அது இருக்காது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் அரிசியும் காய்கறியும் கடலோரத்திலா விளைகின்றன?

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018-19-இல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு சாப்பிடும் வீடுகள் இந்தியா முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி இடம். உப்பு விளைவிக்கும் பெரிய மாநிலங்களில் ஒன்று நாம். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. உப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைப்பதுதான் இங்கே பாதகமாகிவிட்டது. கடல் இல்லாத மாநிலங்கள் பலவற்றில் பாக்கெட்டை விட்டால் வேறு வழி இல்லை. நமக்கு மூட்டை இருக்கிறது.

எண்ணூர்_தோழர்

61.9 என்பது எனக்குப் புதிய செய்தி அம்மா. தீர்ப்பைப் பற்றிய விளக்கத்துக்கும் நன்றி. சின்ன உப்பளங்களுக்கு உதவி வேண்டும் என்பதை நான் தொடர்ந்து கேட்பேன். வீட்டில் என்ன உப்பு என்று இன்றைக்குப் பார்க்கிறேன்.

ராயபுரம்_மீனா

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார் போட்ட கணக்குதான் அம்மாவை அசைத்தது. திருப்பித் திருப்பிக் கேட்டார். மசக்கையில் மீன் இறங்காது என்பதற்கும் தலையாட்டினார், இவளும் இரண்டு மாதமாக மீன் பக்கம் போகவில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். அயோடின் எவ்வளவு இருக்கிறது என்று இவளுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? முதல் மூன்று மாதம் போய்விட்டதே, இப்போது மாற்றிப் பலன் உண்டா? அப்பாவுக்கு பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு உப்பைக் குறைப்பது, இன்னொருவருக்கு அயோடினைக் கூட்டுவது எப்படி?

திருவொற்றியூர்_மருத்துவர்

டெஸ்ட் வேண்டாம் மீனா. சிறுநீரில் அயோடின் பார்க்கும் பரிசோதனை ஒரு ஊரின், ஒரு கூட்டத்தின் நிலையை அறிவதற்கு. ஒரு தனி ஆளுக்கு அந்த அளவு தினமும் மாறும், நேற்றுச் சாப்பிட்டதைத்தான் காட்டும். அவளுக்கு டி.எஸ்.எச். பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாற்றினாலும் கட்டாயம் பலன் உண்டு. மூளை வளர்ச்சி பிரசவத்தோடு முடிவதில்லை, பிறந்து இரண்டு மூன்று வயது வரை வேகமாக நடக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அயோடின் தாய்ப்பாலில்தான் வந்தாக வேண்டும். அதனால் பால் கொடுக்கும் காலம் முழுக்க இதே கவனம் வேண்டும். அவளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் நிறுத்தாமல் போடச் சொல்லுங்கள். தைராய்டில் ஹார்மோன் தயாரிக்கும் நொதிக்கு இரும்பும் தேவை, ரத்தசோகை இருந்தால் அயோடின் இருந்தும் முழுப் பலன் கிடைக்காது. முதல் மூன்று மாதத்தை நினைத்து அவளைக் கவலைப்பட விடாதீர்கள். அதற்கு முன் அவள் சாப்பிட்ட மீன், முட்டை, பால் எல்லாம் சேர்த்து சுரப்பியில் ஓரளவு கையிருப்பு இருந்திருக்கும்.

குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பியே உருவாகாமல் இருக்கும். அதற்கும் தாய் சாப்பிட்ட உப்புக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதித்தால் வளராது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்பா விஷயம்: உப்பைக் குறைக்கட்டும், சாப்பிடும் கொஞ்ச உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்பில் 15 பி.பி.எம். இருந்தால் 5 கிராமில் 75 மைக்ரோகிராம் அயோடின், 30 பி.பி.எம். இருந்தால் 150. மீதியைப் பால், தயிர், முட்டை, மீன் பார்த்துக்கொள்ளும். கர்ப்பிணிக்கு அயோடின் அதிகம் வேண்டும் என்று உப்பை அதிகமாகப் போட வேண்டாம், அது அவளுக்கும் பிரஷரை ஏற்றலாம். பாலும் முட்டையும் கூடுதலாகக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் கடற்பாசி மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம், அவற்றில் அயோடின் அளவு கட்டுப்பாடில்லாமல் இருக்கும்.

காசிமேடு_பாலு

நானும் எல்லாவற்றையும் படித்தேன். வீட்டுச் சமையலுக்கு வேறு உப்பு என்று முடிவாகிவிட்டது. கருவாட்டுக்கும் அயோடின் உப்பு போட்டால் நல்லதா? செலவு தாங்காது, ஆனால் கேட்டு வைக்கிறேன்.

வியாசர்பாடி_வாத்தியார்

வேண்டியதில்லை பாலு. கருவாட்டை சமைப்பதற்கு முன் எப்படியும் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை கழுவித்தானே போடுகிறோம்? மேலே இருக்கும் உப்பு அதோடு போய்விடும். தொழிலுக்கு அந்த உப்பே இருக்கட்டும், சட்டமும் அனுமதிக்கிறது. இரண்டு உப்பும் ஒரே வீட்டில் இருக்கும் என்பதால், சமையல் உப்பைத் தனி டப்பாவில், தனி இடத்தில் வையுங்கள். அவசரத்துக்குத் தொழில் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவதுதான் வழக்கமாக நடப்பது.

அப்புறம், உப்பு டப்பா மூடியோடு இருக்க வேண்டும், அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி. ஈரக் கையால் எடுக்காமல் உலர்ந்த கரண்டி. குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்பு போட்டால் இன்னும் நல்லது.

நர்ஸ்கள், ஆஷா பணியாளர்களிடம் சின்ன உப்புச் சோதனைக் குப்பி இருக்கும். பள்ளியில் நாங்கள் செய்வோம். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் உப்பு பொட்டலம் கட்டிக் கொண்டுவரச் சொல்வோம். கல் உப்பாக இருந்தால் பொடித்துக்கொள்ள வேண்டும். மருந்தில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு அந்த இடத்தில் ஊதா நீலமாக மாறும், அதிகம் இருந்தால் கருநீலம். இல்லாத உப்பு வெள்ளையாகவே நிற்கும். வகுப்பில் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தெந்த வீட்டில் மூட்டை உப்பு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வெள்ளையாக நின்ற பொட்டலத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை அன்று சாயங்காலம் வீட்டில் போய் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு, எந்த விழிப்புணர்வு நோட்டீசும் ஈடாகாது.

முன்னாள்_செவிலி

வாத்தியார், அந்தச் சோதனையை நம் பக்கத்துப் பள்ளி எல்லாவற்றிலும் செய்ய முடியுமா? அக்டோபர் 21 உலக அயோடின் குறைபாட்டுத் தடுப்பு தினம். அதற்கு முன்னால் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சொன்னால் குப்பிகள் கிடைக்கும். யார் யார் வருவீர்கள்?

வியாசர்பாடி_வாத்தியார்

எங்கள் பள்ளிக்கு நான் பொறுப்பு. மற்ற ஆசிரியர்களிடமும் பேசுகிறேன்.

கொடுங்கையூர்_ரேவதி

எங்கள் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது, டீச்சரிடம் கேட்கிறேன். வீட்டில் உப்பு மாற்றியாகிவிட்டது. மிச்சமிருக்கும் இந்துப்பை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எம்சிரோடு_மளிகை

வெந்நீரில் போட்டுக் கால் ஊறவையுங்கள் அம்மா, வீக்கத்துக்கு இதமாக இருக்கும். மீனா, அம்மா கையில் எடுத்துப் பார்த்து வாங்குபவர் என்றால் கடைக்குக் கூட்டி வாருங்கள். அயோடின் கல் உப்பு இரண்டு மூன்று ரகம் இருக்கிறது, பிரித்தே காட்டுகிறேன். அலசாமல் போடும் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும்.

ராயபுரம்_மீனா

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறோம் அண்ணா. அம்மா இப்போதே கேட்கிறார், குழம்புக்கு அதே அளவு கல் போட்டால் போதுமா, கூடக் குறைய வேண்டுமா என்று.

எம்சிரோடு_மளிகை

அதே அளவுதான். முதல் தடவை கொஞ்சம் குறைத்துப் போட்டு ருசி பார்க்கச் சொல்லுங்கள், பாக்கெட் உப்பு நன்றாக உலர்ந்திருக்கும்.